பிரசவம் முடிந்தும் மூச்சு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா?

மதுரையிலிருந்து:

34-ஆம் வாரத்தில் எனக்கு பிரசர் 150/100, யூரினில் உப்பு என்றார்கள். புரதம் போவதைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வது. இதைக் கேட்ட என் மாமியார் அன்றிலிருந்து ரசத்தில் உப்பே போடவில்லை, அது தனிக் கதை. 36-ஆம் வாரத்தில் 170/110 ஏறியதும் சிசேரியன். குழந்தை 2.1 கிலோ. கண்டம் தாண்டியாச்சு என்று நினைத்தோம்.

நான்காம் நாள் ராத்திரி படுத்தால் மூச்சு முட்டியது, எழுந்து உட்கார்ந்தால் தேவலை. டியூட்டியில் இருந்தவர் "பயம்தாம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். விடிய விடியச் சாய்ந்தபடியே பால் கொடுத்தேன். காலையில் ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை தலையணை வச்சிருக்கே?" மூன்று என்றேன். உடனே என்டி-புரோபிஎன்பி என்ற ரத்தப் பரிசோதனைக்கும் எக்கோவுக்கும் (இதயத்துக்கான ஸ்கேன்) எழுதினார்.

இதயத் தசை பாரம் தாங்காமல் இழுபடும்போது ரத்தத்தில் விடும் பொருளாம் அந்த என்டி-புரோபிஎன்பி. 300-க்குக் கீழே இருந்தால் திடீர் மூச்சுத் திணறலுக்கு இதயம் காரணமாக இருக்க வாய்ப்புக் குறைவு. எனக்கு 1,900-ஐத் தாண்டியிருந்தது. ஆனால் எக்கோவில் பம்பிங், அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தம், 60 சதவீதம். "நார்மல்தானே டாக்டர்?" என்றார் என் கணவர். சுருங்குவதில் குறையில்லை, விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்வதில்தான் விறைப்பு, அதனால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்றார். நீரைப் பிரியவைக்கும் லேசிக்ஸ் ஊசி போட்டார்கள். யூரின் பை நிறைய நிறைய மூச்சு இலகுவானது. அன்று மத்தியானம் ஒரே தலையணையில் தூங்கினேன்.

திருச்சியிலிருந்து:

என் தங்கைக்கும் பிரசர் இருந்தது, ஆனால் கதை வேறு. பிரசவமாகி மூன்று வாரம் கழித்து இருமல். சளி என்று இரண்டு டானிக் குடித்தாள். கால் வீங்கி, மாடிப்படி ஏற முடியாமல் போனபிறகுதான் எக்கோ எடுத்தோம். பம்பிங் 30. கடைசி மாதத்திலோ பிரசவத்துக்குப் பின் ஐந்து மாதத்துக்குள்ளோ வருகிற இதயத் தசை நோயாம் இது. மாத்திரையில் இப்போது 52 வரை வந்திருக்கிறது. இன்னொரு குழந்தை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளை வீட்டுக்கு இதைப் புரியவைப்பதற்குள் எங்களுக்கு பிரசர் வந்துவிட்டது.

லேபர் வார்டு நர்ஸ் ஒருவர்:

பிரசவத்துக்குப் பின் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள்தான் பிரசர் பெரும்பாலும் உச்சத்துக்குப் போகும். உடம்பில் தேங்கிய நீர் ரத்தத்துக்குத் திரும்புகிற நேரமும் அதுதான். பலர் வீட்டுக்குக் கிளம்புவதும் அதே நாட்களில், அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. மதுரைக்காரர் சொன்ன என்டி-புரோபிஎன்பி எல்லோருக்கும் எடுக்கிற டெஸ்ட் அல்ல. கிட்னி சரியில்லாவிட்டாலும் அந்த எண் ஏறும். அதனால் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து நீங்களே முடிவு கட்டாதீர்கள், எக்கோவோடு சேர்த்துத்தான் டாக்டர் பார்ப்பார். ஆனால் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால் ராத்திரி இரண்டு மணியானாலும் எங்களை எழுப்புங்கள்.

மீண்டும் மதுரை:

ஆறு மாதம் கழித்துத் திரும்ப எடுத்ததில் என்டி-புரோபிஎன்பி 90. பிரசர் மாத்திரை இன்னும் ஓடுகிறது, பால் கொடுக்கிறவர்களுக்கு ஒத்துக்கொள்கிற எனலாப்ரில். சரி, ஒன்று கேட்கணும். அடுத்த முறை கர்ப்பமானால் இந்த பிரசர் திரும்ப வராமலிருக்க ஆரம்பத்திலேயே ஆஸ்பிரின் தருவோம் என்றிருக்கிறார்கள். யாராவது எடுத்திருக்கிறீர்களா? எத்தனையாவது வாரத்தில் தொடங்கினார்கள்?