ரோடு வந்தது, விலை வந்ததா? தருமபுரி – கிருஷ்ணகிரி அனுபவங்கள்

நாலுவழிச் சாலை வந்த பிறகு உங்கள் விளைச்சலுக்கு, தொழிலுக்கு என்ன மாறியது? தோப்போ, மண்டியோ, வண்டியோ, எதில் இருந்தாலும் சரி, கண்ணால் பார்த்ததை எழுதுங்கள்.

காவேரிப்பட்டணம் பக்கம், மாந்தோப்பு

எங்களுடையது பெரும்பாலும் பெங்களூரா ரக மாங்காய். கூழ் ஃபேக்டரிக்குத்தான் போகும். தோப்பிலிருந்து ஃபேக்டரிக்கு அரை மணி நேர ஓட்டம், ரோட்டைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சீசன் உச்சத்தில் ஃபேக்டரி வாசலில் டிராக்டரும் டாடா ஏஸும் ரோட்டோரமாக வரிசை கட்டி நிற்கும். எல்லார் தோப்பிலும் ஒரே சமயத்தில் காய் இறங்குகிறது, எல்லாருக்கும் வண்டியும் கிடைத்துவிடுகிறது. அரைக்கிற இயந்திரம் மட்டும் அதே வேகத்தில்தான் ஓடும்.

போன சீசனில் ஒரு ராத்திரி முழுக்க லோடு மேலேயே படுத்திருந்தேன். காலையில் தார்ப்பாயைத் தூக்கினால் மேலடுக்கு மஞ்சளாகிவிட்டது, அடியில் நசுங்கிய காயிலிருந்து பால் கசிகிறது, ஈ மொய்க்கிறது. எடை போடுகிறவர் எட்டிப் பார்த்து, "கழிவு கொஞ்சம் கூடத்தான் போகும்ணே" என்றார். காய் காய்ந்து எடை குறைந்த நஷ்டம் நமக்கு, வண்டி காத்திருந்த வாடகை நமக்கு, ஏற்றுக்கூலி நமக்கு. விலையை மட்டும் அவர்கள் சொல்வார்கள். அதே கூழ் டின்னில் அடைபட்டதும் கன்டெய்னரில் ஏறி நிம்மதியாகத் துறைமுகம் போகிறது. அதற்கு அவசரமே கிடையாது, பாருங்கள்.

தளி பக்கம், ரோஜா

அண்ணா சொல்வது மாங்காய்க் கதை, பூவுக்கு வேறு மாதிரி. ஓசூர், பாகலூர், தளி பக்கம் பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் கூடாரம்) ரோஜா இவ்வளவு வந்ததற்குக் குளிர்ந்த காற்று பாதிக் காரணம், பெங்களூரு பக்கத்தில் இருப்பது மீதிக் காரணம். ஆனால் 2008ல் எங்கள் பூ ஏறும் பெங்களூரு விமான நிலையம் தேவனஹள்ளிக்குப் போனது. பழைய ஹெச்ஏஎல் நிலையம் நகரத்துக்குள், எங்களுக்குக் கிட்டத்தில் இருந்தது. புதியது ஊருக்கு வடக்கே, நாங்கள் தெற்கே. நடுவில் மொத்த பெங்களூரையும் தாண்ட வேண்டும். காதலர் தினத்துக்கு முந்தைய நாட்களில் குளிர்சாதன வண்டி நெரிசலில் மாட்டினால் டிரைவருக்கு நிமிடத்துக்கு ஒரு போன் போடுவோம். மாநில எல்லையில், அட்டிபெலே செக்போஸ்ட்டில் நின்று சீட்டு காட்டிய தொல்லை ஜிஎஸ்டி வந்த பிறகு ஒழிந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.

கிருஷ்ணகிரி, ஓய்வு பெற்றவன்

தம்பிகளா, ரயிலை விட்டுவிட்டீர்களே! 1905ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குறுகிய அகலம் கொண்ட சின்ன ரயில் பாதை வந்தது. அடுத்த வருஷம் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒன்று, அது 1913ல் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் இரண்டையும் மூடிவிட்டார்கள். ஓசூருக்கும் தருமபுரிக்கும் பிற்பாடு அகல ரயில் பாதை கிடைத்தது. 2004ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகியும் எங்கள் மாவட்டத் தலைநகரில் ஸ்டேஷன் இல்லை. கிரானைட் கல் டிரெய்லரில் கட்டி ஏறக்குறைய 250 கிலோமீட்டர் சென்னைக்குப் போகிறது. டன் கணக்கில் கனக்கும் கல்லுக்கு ரயில் மலிவு. கல்லுக்கு என்ன, ஒரு நாள் தாமதமானால் அழுகியா போகும்?

காவேரிப்பட்டணம் பக்கம், மாந்தோப்பு

ரயில் வந்தாலும் மாங்காய்க்கு ஆகாது சார், ஏற்றி இறக்கி மறுபடி ஏற்றுவதற்குள் பாதி நசுங்கிவிடும். எனக்கு வேண்டியது, இன்று யார் வரலாம், நாளைக்கு யார் வரலாம் என்று ஃபேக்டரியே முன்கூட்டி டோக்கன் கொடுப்பது. கரும்புக்கு ஆலையில் வெட்டு உத்தரவு கொடுக்கிறார்களே, அந்த மாதிரி. எங்கேயாவது மாங்காய்க்கு அப்படி நடக்கிறதென்றால் இங்கே எழுதுங்கள்.