காக்-ஏ என்னும் பாக்டீரியா மரபணு தொற்றுள்ள ஏறத்தாழ எல்லாரிடமும் இருக்கும்போது, இரைப்பை அழற்சியின் கடுமைக்கு அதை எப்படிக் காரணம் காட்டுவது?

கேள்வி: முதுகலை மாணவி, நுண்ணுயிரியல்

இரைப்பையில் தொற்றும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியா குறித்துக் கருத்தரங்கக் கட்டுரை ஒன்றைத் தயாரித்து வருகிறேன். அதில் காக்-ஏ புரதத்தை உருவாக்கும் வகைகள் இரைப்பையின் உட்சுவரில் கடுமையான அழற்சியை உண்டாக்கும் என்று பாடநூல்கள் கூறுகின்றன. மேலை நாட்டு ஆய்வுகளும் அதையே காட்டுகின்றன. ஆனால் கொல்கத்தாவில் திரட்டப்பட்ட மாதிரிகளில், முன்சிறுகுடல் புண் உள்ளவர்களிடமும் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களிடமும் இந்த மரபணு பெருமளவில் காணப்பட்டிருக்கிறது. அப்படியானால் காக்-ஏ போன்ற வீரியக் காரணிக்கும் (நோயைக் கடுமையாக்கும் பாக்டீரியாப் பொருளுக்கும்) அழற்சிக்கும் உள்ள தொடர்பை எந்த அடிப்படையில் விளக்குவது?

மறுமொழி 1: நுண்ணுயிரியல் ஆசிரியர்

தொடர்பு உறுதியாக உண்டு, அம்மா. மரபணு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்ப்பது அதை அளக்கப் போதாது என்பதே சிக்கல்.

காக்-ஏ தனித்த மரபணு அன்று. சுமார் 40,000 காரஇணைகள் (டி.என்.ஏ.வின் அலகுகள்) நீளமுள்ள ஒரு மரபணுத் தொகுதியின் ஓர் உறுப்பு அது. அந்தத் தொகுதியில் உள்ள ஏறத்தாழ 30 மரபணுக்களில் பல சேர்ந்து நான்காம் வகைச் சுரப்பு அமைப்பைக் கட்டுகின்றன. யூரியேஸ் நொதியால் அமிலத்தைத் தணித்து, சளிப்படலத்தைக் கடந்து, பாப்-ஏ போன்ற ஒட்டுப்புரதங்களால் இரைப்பையின் உட்புறத்தை மூடியுள்ள எபிதீலியச் செல்லைப் பற்றிக்கொண்ட பின்னர், பாக்டீரியா இந்த அமைப்பை ஊசிபோலப் பயன்படுத்திக் காக்-ஏ புரதத்தைச் செல்லுக்குள் செலுத்துகிறது. செல்லின் சொந்த நொதிகளே அதில் பாஸ்பேட்டைச் சேர்க்கின்றன. அதன்பின் அது ஷிப்-2 (SHP2) என்னும் நொதியைத் தூண்டிவிட, செல்லின் வடிவமும் அடுத்த செல்லோடு அதற்குள்ள பிணைப்பும் குலைகின்றன.

ஆனால் அழற்சியின் தொடக்கம் பெரும்பாலும் வேறு பொருள்களிலிருந்து வருகிறது. அதே அமைப்பின் வழியே பாக்டீரியாவின் செல்சுவர்த் துணுக்குகளும் ஹெப்டோஸ் சர்க்கரைச் சேர்மம் ஒன்றும் உள்ளே நுழைகின்றன. செல் அவற்றை உணர்ந்து இன்டர்லூக்கின்-8 என்னும் சைகைப் புரதத்தைச் சுரக்க, அதைத் தொடர்ந்து நியூட்ரோபில்கள் என்னும் வெள்ளணுக்கள் திரளுகின்றன. வளர்ப்புச் செல்களில் காக்-ஏ மரபணுவை மட்டும் நீக்கினால் இன்டர்லூக்கின்-8 பெரிதாகக் குறைவதில்லை. சுரப்பு அமைப்பைக் கட்டும் காக்-ஈ மரபணுவை நீக்கினால் அது வெகுவாக அடங்கிவிடுகிறது. தங்கள் கட்டுரையில் இந்த வேறுபாட்டைத் தவறாமல் எழுதுங்கள். பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மேலை நாடுகளில் காக்-ஏ உள்ள வகைகளும் இல்லாத வகைகளும் கலந்தே பரவியிருப்பதால் இரண்டையும் ஒப்பிட முடிந்தது. இந்தியாவிலும் ஜப்பானிலும் பெரும்பாலான வகைகளில் அது உள்ளது. ஒப்பிடுவதற்கு எதிர்த்தரப்பே இல்லை. எனினும் ஜப்பானில் பரவலாக உள்ள கிழக்காசியக் காக்-ஏ, ஷிப்-2 நொதியோடு மேலைநாட்டு வகையைவிட வலுவாகப் பிணைகிறது. ஆகவே எந்த வடிவம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

மறுமொழி 2: நோய்க்குறியியல் மருத்துவர்

ஆசிரியர் ஐயா கூறியதோடு திசுவின் பக்கத்தையும் சேர்க்க விரும்புகிறேன். இந்தத் தொற்று உள்ள ஏறத்தாழ ஒவ்வொருவரின் பயாப்சியிலும், அவருக்கு வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாள்பட்ட அழற்சி தெரிகிறது. லிம்போசைட்டுகள், பிளாஸ்மா செல்கள் ஆகிய நோயெதிர்ப்புச் செல்கள் உட்சுவரை நிறைத்திருக்கும். சுரப்பிகளின் கழுத்துப் பகுதியில் நியூட்ரோபில்கள் எபிதீலியத்துக்குள்ளேயே நுழைந்திருக்கும். ஜீம்சா சாயமிட்டால் வளைந்த சிறு கம்பிகளாகப் பாக்டீரியாக்கள் சளியில் கிடப்பதைக் காணலாம். எனவே "தொந்தரவு இல்லாதவர்" என்பதை "அழற்சி இல்லாதவர்" என்று கொள்ளக் கூடாது. மாணவியின் ஒப்பீட்டில் இருக்கும் இடைவெளி இதுதான் என்பது என் கருத்து.

அழற்சி எங்கே குவிகிறது என்பதும் பெரிதும் முக்கியம். இரைப்பையின் ஆன்ட்ரம் என்னும் கீழ்ப்பகுதியில் குவிந்தால், அமிலச் சுரப்பைத் தூண்டும் காஸ்ட்ரின் ஹார்மோன் கூடி, அமிலம் மிகுந்து, முன்சிறுகுடலில் புண் தோன்ற வழியாகிறது. இரைப்பையின் நடுப்பகுதியான உடல்பகுதியில் பரவினால் அமிலம் சுரக்கும் செல்கள் அழிந்து, சுரப்பிகள் சுருங்கி, பல ஆண்டுகளில் புற்றுநோய்க்கான வாய்ப்பு உயர்கிறது. ஒரே வகைப் பாக்டீரியா இருவரிடம் இருவேறு நோய்களாக முடிவதற்கு, தொற்றியவரின் அமிலச் சுரப்பும், இன்டர்லூக்கின்-1 பீட்டா போன்ற மரபணுக்களின் வேறுபாடும், உணவில் உள்ள உப்பும் புகைபிடித்தலும் காரணமாகலாம்.

மறுமொழி 3: வாசகர்

என் சகோதரருக்கு என்டோஸ்கோப்பி செய்து, கிருமி இருப்பதாகக் கூறியுள்ளார்கள். காக்-ஏ சோதனையும் செய்துகொள்ள வேண்டுமா, டாக்டர்?

மறுமொழி 4: நோய்க்குறியியல் மருத்துவர்

சிகிச்சையைத் தீர்மானிக்க அந்தச் சோதனை தேவையில்லை, ஐயா. காக்-ஏ இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிருமியை ஒழிப்பதே நோக்கம். 2015இல் வெளியான கியோட்டோ வல்லுநர் கருத்தொருமிப்பு அறிக்கை, இந்தக் கிருமியால் வரும் இரைப்பை அழற்சியை ஒரு தொற்றுநோயாகவே வரையறுத்துள்ளது. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளை முழுமையாக முடித்து, அதன்பின் குறைந்தது 4 வாரம் கழித்து மூச்சுச் சோதனையோ மலச் சோதனையோ செய்து, கிருமி போய்விட்டதா என்று உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையைச் சோதனைக்கு 2 வாரம் முன்பே, மருத்துவரைக் கேட்டு, நிறுத்த வேண்டும். இல்லையெனில் இருக்கும் கிருமியும் இல்லாததுபோல் முடிவு வரக்கூடும்.

மறுமொழி 5: முதுகலை மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. இந்தப் பாக்டீரியா சுரக்கும் வாக்-ஏ நச்சையும் இதே முறையில் அணுகலாமா, ஐயா?

மறுமொழி 6: நுண்ணுயிரியல் ஆசிரியர்

அங்கே நிலைமை இன்னும் தெளிவானது. வாக்-ஏ மரபணு எல்லா வகைகளிலும் இருப்பதால், அதன் இருப்பை யாரும் கேட்பதில்லை, வடிவத்தையே கேட்கிறார்கள். அந்த மரபணுவின் எஸ், எம் என்னும் இரு பகுதிகளும் வகைக்கு வகை மாறும்; எஸ்-1, எம்-1 இரண்டும் சேர்ந்த வடிவம் செல்லுக்குள் குமிழ்களை உண்டாக்குவதில் வலிமை மிக்கது. எஸ்-2 வடிவத்துக்கு அந்தத் திறன் அநேகமாக இல்லை. இந்த நச்சு எபிதீலியத்தைச் சிதைப்பதோடு, நோயெதிர்ப்புக்கான டி செல்களின் பெருக்கத்தையும் தடுக்கிறது. அழற்சி ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தும் உடலால் கிருமியை வெளியேற்ற முடியாமல் போவதற்கு இது ஒரு காரணம். காக்-ஏக்கும் இதே அளவுகோலை வைத்து, இந்தியத் தரவுகளை மரபணுத் தொகுதியின் முழுமை, புரதத்தின் வடிவம், திசு மதிப்பீடு ஆகிய மூன்றோடும் பொருத்திப் பாருங்கள்.