எட்டாவது படிக்கும் மகளோடு குடிவருகிறோம்: கானாடுகாத்தானா, காரைக்குடியா, திருச்சியா?

புனே மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். பதினான்கு வருடம் புனேயில் இருந்துவிட்டு வரும் மே மாதம் மூட்டை கட்டுகிறோம். மாமனாருக்கு முன்போல நடமாட்டம் இல்லை. கூட ஆள் வேண்டும். கணவருக்குக் கணினியில் வேலை, நெட் இருந்தால் எந்த ஊரும் சரி. எனக்கும் எங்கே போட்டாலும் இட்லி வேகும். யோசனையெல்லாம் மகளைப் பற்றித்தான்.

எட்டாவது படிக்கிறாள். குளியலறை அலமாரியில் மயில்துத்தக் (காப்பர் சல்ஃபேட்) கரைசலில் நூல் கட்டித் தொங்கவிட்டுப் படிகம் வளர்க்கிறாள். சுவரில் நீலக் கறை. அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன் என்று வீட்டுக்காரம்மா இப்போதே சொல்லிவிட்டார். போன மாதம் தீர்ந்துபோன பேட்டரிகளை உடைத்து, நடுவில் இருந்த கரிக்குச்சிகளை எடுத்து, உப்புத் தண்ணீரில் வைத்துக் கரண்ட் கொடுத்தாள். அடுப்படி முழுக்க நீச்சல் குளத்து வாசனை. "குளோரின்மா" என்று பெருமையாகச் சொல்கிறாள். நான் ஜன்னலைத் திறக்க ஓடினேன்.

இருக்கும் வழிகள் மூன்று. ஒன்று, கானாடுகாத்தானில் மாமனார் வீடு. இரண்டு கட்டு, பாதி பூட்டிக் கிடக்கிறது, பங்காளிகள் ஐந்து புள்ளி (குடும்பம்). இரண்டு, காரைக்குடியில் வாடகைக்கு. மூன்று, திருச்சியில் நாத்தனார் வீட்டுப் பக்கமாக இருந்துகொண்டு சனி ஞாயிறு ஊருக்குப் போய்வருவது. "அத்தாம் பெரிய வீடு சும்மா கிடக்கையில வாடகைக்குப் போனா ஊரு சிரிக்கும்" என்கிறார் மாமியார். கணவருக்கும் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை பார்க்க ஆசை.

மார்க் வாங்க வைக்கும் பள்ளி எல்லா ஊரிலும் இருக்கும், அதைக் கேட்கவில்லை. இவள் கையைக் கட்டிப்போடாத இடம் எது என்று, அங்கே பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

திருச்சிக் கணக்கு:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? திருச்சிதான். கோச்சிங் இருக்கிறது, புதுக்கோட்டை ரோட்டில் அண்ணா அறிவியல் மையத்தின் கோளரங்கம் இருக்கிறது, என்.ஐ.டி. இருக்கிறது. காரைக்குடியில் பலகாரக் கடையும் பழைய சாமான் கடையும் தவிர அந்தப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? சனி ஞாயிறு 90 கிலோமீட்டர் ஒரு தூரமே இல்லை.

முலாம் பட்டறை:

பழைய சாமான் கடையைக் கேலி செய்ய வேண்டாம் தம்பி. முனீஸ்வரன் கோயில் தெருவில் நான் வாங்கிய பித்தளைத் தராசில்தான் என் மகன் முதன்முதலாக அரை கிராம் உப்பை நிறுத்தான்.

அம்மா, நான் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) 31 வருடம் டெக்னீசியனாக இருந்து ஓய்வு பெற்றவன். விஞ்ஞானி இல்லை, முலாம் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவன். உங்கள் பெண் அடுப்படியில் செய்ததைப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் தேர்ந்தெடுத்துச் செய்ததைப் போல இருக்கிறது. உப்பு நீரில் மின்சாரம் விட்டுக் குளோரினும் காஸ்டிக் சோடாவும் எடுப்பது பெரிய தொழில். அந்தக் காலத்தில் தொட்டிகளில் கிராஃபைட் கம்பிதான் போடுவார்கள், அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோகும். அதற்குப் பதிலாக டைட்டானியத்தின் மேல் பூச்சு கொடுத்த மின்முனை வந்தது. சிக்ரி அதில் நிறைய வேலை செய்திருக்கிறது. அவளுடைய கரிக்குச்சியைக் கழுவித் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நுனி சொரசொரப்பாகி இருக்கும். ஆனால் இனிமேல் அந்தச் சோதனை மொட்டை மாடியில் மட்டும். கதவு சாத்திய அறையில் குளோரின் விளையாட்டு இல்லை.

ஊர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்குப் பதில் அதற்குள்தான் இருக்கிறது. சிக்ரிக்காக அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். எழுபது வருடத்துக்கு மேல் ஓர் ஆராய்ச்சிக்கூடம் ஒரே ஊரில் இருந்தால் என்ன ஆகும்? எங்கள் பக்கம் தெருவுக்கு ஒருவராவது அங்கே வேலை பார்த்தவர் இருப்பார். வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிக்கும் கிழவரிடம் போய் "தாத்தா, ஆணி ஏன் தலையிலயும் நுனியிலயும் முதல்ல துருப்பிடிக்குது?" என்று கேட்டால், பேப்பரை மடித்து வைத்துவிட்டு அரை மணி நேரம் சொல்வார். (தட்டி, வளைத்துச் செய்த இடத்தில் இரும்புக்குள் இறுக்கம் இருக்கும், அரிப்பு அங்கேதான் முதலில் பிடிக்கும்.) திருச்சியில் கோளரங்கம் இருக்கிறது, மறுக்கவில்லை. வருடத்துக்கு எத்தனை முறை போவீர்கள்? சாயங்காலம் ஐந்து மணிக்குத் தோன்றிய சந்தேகத்தை ஐந்தரைக்குள் கேட்க முடிகிற ஊர்தான் இந்த வயசுக்கு வேண்டும்.

சிக்ரி வாசலில் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் நின்றால் உள்ளே விடமாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பொதுமக்களுக்குத் திறந்துவிடும் நாட்கள் உண்டு. செப்டம்பர் 26 சிக்ரியை நடத்தும் சி.எஸ்.ஐ.ஆரின் நிறுவன நாள், பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள், இவற்றை ஒட்டி விசாரியுங்கள். 2017இல் தொடங்கிய ஜிக்யாசா திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளை ஆய்வகத்துக்கு அழைக்கிறார்கள், ஆனால் பள்ளி வழியாகத்தான். நீங்கள் பார்க்கும் பள்ளி அதில் கலந்துகொள்கிறதா என்று கேளுங்கள். இன்ஸ்பயர் மானக் என்று ஒன்று இருக்கிறது, மாணவரின் யோசனை தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் தருவார்கள். அதற்கும் பள்ளிதான் பெயர் அனுப்ப வேண்டும். "இதுவரை யாரையாவது அனுப்பியிருக்கிறீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு உண்டு, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்களைப் பிடித்தால் விவரம் சொல்வார்கள். அவர்களுடைய 'துளிர்' இதழை வரவழைத்துக் கொடுங்கள், தமிழில் அறிவியல் படிக்கப் பழகட்டும்.

பள்ளிக்குப் போனால் முதல்வர் அறையில் அதிக நேரம் உட்காராதீர்கள். லேப் உதவியாளரைப் பாருங்கள். தொட்டியில் தண்ணீர் வருகிறதா, பியூரெட்டில் தூசி படிந்திருக்கிறதா, இது போதும். என் பேரனுக்காக ஒரு பள்ளிக்குப் போனேன். மூன்று மாடி, கண்ணாடிச் சுவர். வேதியியல் லேப்பின் சாவி யாரிடம் இருக்கிறது என்று இருபது நிமிடம் தேடினார்கள். கடைசி வரை கிடைக்கவில்லை.

இன்னொன்று, ஒன்பதாவது தொடங்கும்போதே சேர்த்துவிடுங்கள். சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதாவதில்தான் பெயர் பதிவு, பத்தாவதில் வேறு பாடத்திட்டத்திலிருந்து உள்ளே வருவது பெரும்பாடு. யாராவது "அரசுப் பள்ளியில் போடுங்கள், மருத்துவம் மாதிரிப் படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு கிடைக்கும்" என்பார்கள். அது ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. உங்கள் பெண்ணுக்குப் பொருந்தாது. நல்ல ஆசிரியர் இருந்தால் சேருங்கள், ஒதுக்கீட்டுக்காக வேண்டாம்.

வீடு பார்ப்பதானால் கல்லூரிச் சாலை, சுப்பிரமணியபுரம், செக்காலைப் பக்கம். சைக்கிளில் அவளே போய்வர வேண்டும். நீங்கள் வண்டி எடுத்தால்தான் அவள் எங்கேயும் போக முடியும் என்கிற வீடு எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை.

பள்ளத்தூர்க்காரி:

ஐயா சொன்னதற்கு மேல் நான் சொல்ல அதிகம் இல்லை. பெரிய வீட்டில் குடியிருப்பவள் என்ற முறையில் மட்டும் சொல்கிறேன் ஆச்சி.

கானாடுகாத்தான் வீட்டில் வயரிங் எப்போது போட்டது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் எர்த் கம்பியே கிடையாது. என் மகன் ஏதோ சாலிடர் அடிக்கிறேன் என்று உட்கார்ந்து ஷாக் வாங்கியபின்தான் தெரிந்தது. மாற்றலாம் என்றால் பங்காளிகள் எல்லாரும் சம்மதிக்க வேண்டும். ஒருத்தர் மலேசியாவில் இருக்கிறார், ஒருத்தர் கோபத்தில் இருக்கிறார்.

அப்புறம் தரை. ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்ட ஓடு இல்லை. கண்ணாடித் தட்டின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது. அமிலம் பட்டால் அரித்துவிடும். எலுமிச்சம்பழச் சாறு சிந்தி மறந்துபோனால்கூடத் தடம் நிற்கும். சுவரோ சுண்ணாம்புப் பூச்சு, அதுவும் அமிலத்தைக் கண்டால் பொங்கும். உங்கள் மகளுக்கு அது ஒரு நல்ல பாடமாக இருக்கும், உங்கள் மாமியாருக்கு இருக்காது.

எங்கள் பஸ் கதை தனி. ட்யூஷன் முடிந்து காரைக்குடியிலிருந்து வர எட்டரை ஆகிவிடும். வாரத்தில் மூன்று நாள் நான் ஸ்டாண்டில் காத்துக் கிடக்கிறேன்.

ஆனால் வானம்! அதை மட்டும் டவுனில் யாராலும் தர முடியாது. நாம் இருப்பது ஏறக்குறைய 10 டிகிரி அட்சத்தில். துருவ நட்சத்திரம் வடக்கே அடிவானத்திலிருந்து நீட்டிய கையின் ஒரு முஷ்டி உயரத்தில் நிற்கும். ஏப்ரல், மே இரவுகளில் தெற்கே திரும்பினால் தென்சிலுவையும் ஆல்ஃபா சென்டாரியும் தெரியும். புனேயில் இவ்வளவு உயரத்தில் அவள் பார்த்திருக்க மாட்டாள். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நிழலில்லா நாள் வரும். பகல் 12.15 வாக்கில் முற்றத்தின் நடுவில் உலக்கையை நட்டு வைத்தால் நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். எங்கள் அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு "இத்தன வருசம் இந்த முத்தத்துல வத்தல் காயப்போட்டேன், இத யாரும் சொல்லலையே" என்றார்.

2019 டிசம்பர் 26 வளைய கிரகணத்தைப் புதுக்கோட்டைக்குப் போய்ப் பார்த்தோம். பறவை பிடிக்குமென்றால் வேட்டங்குடி சரணாலயம் இருக்கிறது, கொள்ளுகுடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடமாட்டார்கள். மழைக்காலம் முடியும்போது போங்கள்.

ஒன்று சொல்லாமல் விட மனசில்லை. ராத்திரி பத்து மணிக்குப் பெண்பிள்ளை மொட்டை மாடியில் டெலஸ்கோப்போடு நின்றால் கேள்வி கேட்க நாலு பேர் வருவார்கள். என் நாத்தனார் மகளுக்கு அது நடந்தது. என் அத்தை கேள்வி கேட்டவரையே மாடிக்குக் கூப்பிட்டுச் சனியின் வளையத்தைக் காட்டினார். அதன்பின் அவர் வாய் திறக்கவில்லை, தன் பேரனை அனுப்பிவைத்தார்.

ஆகவே குடியிருக்கக் காரைக்குடி, வானம் பார்க்கக் கானாடுகாத்தான். இரண்டுக்கும் நடுவில் 15 கிலோமீட்டர்தான்.

திருச்சிக் கணக்கு:

எல்லாம் சரி. பிளஸ் ஒன் வரும்போது கோச்சிங்குக்கு இங்கேதான் வருவீர்கள், பார்க்கலாம்.

முலாம் பட்டறை:

வரட்டுமே தம்பி. அதற்குள் இரண்டு வருடம் துருவையும் நட்சத்திரத்தையும் பார்த்திருப்பாளே.

புனே மருமகள்:

பொங்கலுக்கு ஊருக்குப் போய்வந்தோம். பதில் சொன்ன எல்லாருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மூன்று பள்ளிக்குப் போனோம். ஐயா சொன்னபடி முதல்வரிடம் வணக்கத்தோடு நிறுத்திக்கொண்டு லேப்புக்கு நடந்தோம். ஒன்றில் சாவி கிடைத்தது, ஆனால் உள்ளே விளையாட்டு விழாவுக்கான நாற்காலிகளை அடுக்கியிருந்தார்கள். இன்னொன்றில் எல்லாம் பளபளவென்று இருந்தது, பிள்ளைகள் தொட்டதற்கான அடையாளமே இல்லை. மூன்றாவது பள்ளியில் லேப் உதவியாளர் அக்கா ஒருவர் இருந்தார். கையில் சில்வர் நைட்ரேட் கறை. இவள் அதைப் பார்த்ததும் "அக்கா, இது எத்தன நாள்ல போகும்?" என்று கேட்டாள். "தோல் உதிரும்போதுதான் போகும்" என்றார் அவர். அவ்வளவுதான், வெளியே வரும்போது "இங்கதான்மா" என்றாள். சுற்றுச்சுவர் விழும்போல இருக்கிறது, மைதானம் மண். எனக்கு இன்னும் அரை மனசுதான்.

மாமியார் விஷயம்தான் சுவாரசியம். வாடகை வீடு என்றதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, பள்ளத்தூர் ஆச்சி எழுதியிருந்த ஆத்தங்குடிக் கல் கதையைச் சும்மா பேச்சுவாக்கில் சொன்னேன். பட்டாலைத் தரையை ஒருமுறை பார்த்தார், பேத்தியை ஒருமுறை பார்த்தார். மறுநாள் காலையில் செக்காலையில் தெரிந்தவர்களுக்கெல்லாம் அவரே போன் போட்டு வீடு தேட ஆரம்பித்துவிட்டார். மாமனாரையும் டவுனுக்கே கூட்டிக்கொள்வது என்று முடிவு, டாக்டரும் பக்கம். சனி ஞாயிறு பெரிய வீடு.

வாடகை வீட்டுக்காரரிடம் நீலக் கறையை மறைக்காமல் சொல்லிவிட்டேன். மாடிச் சாவி தருவதாகவும், மாடியோடு நிறுத்திக்கொள்ளும்படியும் சொன்னார். அவர் யார் என்று பிறகுதான் தெரிந்தது, சிக்ரியில் கணக்குப் பிரிவில் இருந்தவராம்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி ஐயா. புனேயில் மயில்துத்தம் ஆன்லைனில் வாங்குவோம். காரைக்குடியில் எங்கே கிடைக்கும்? வளர்ந்த படிகங்களைப் பருத்தித் துணியில் சுற்றிக் கையோடு எடுத்துவருகிறாளாம், ஆனால் கரைசலை ரயிலில் ஏற்ற முடியாதே.

முலாம் பட்டறை:

உரக்கடையில் கேளுங்கள், பயிருக்குப் பூஞ்சை மருந்து கலக்க வைத்திருப்பார்கள். கொஞ்சம் அழுக்காக இருக்கும். வெந்நீரில் கரைத்து வடிகட்டி ஆறவிட்டால் சுத்தமான படிகம் வரும், அந்த வேலையை அவளே செய்யட்டும். சமையல் பாத்திரம் வேண்டாம், கையுறை கட்டாயம். மிச்சக் கரைசலை ஊருணிப் பக்கமோ கிணற்றடியிலோ ஊற்றிவிடாதீர்கள், மீன் செத்துப்போகும்.