42 ஆண்டு ஓட்டப் பதிவில் ஒரே ஒரு பெருவெள்ளம்: அதை விலக்கலாமா?

கேள்வி

வணக்கம். ஒரு பாலத்தின் உயரத்தை முடிவு செய்வதற்காக, ஆற்றின் அளவீட்டு நிலையத்தில் 42 ஆண்டுகளாக எடுக்கப்பட்ட பதிவிலிருந்து ஒவ்வோர் ஆண்டின் உச்ச ஓட்டத்தையும் தொகுத்திருக்கிறேன். சராசரி வினாடிக்கு 820 கன மீட்டர். திட்ட விலக்கம் 310. ஓர் ஆண்டில் மட்டும் 2,100 கன மீட்டர் ஓடியிருக்கிறது. அதற்கு அடுத்த வெள்ளம் 1,400-ஐக்கூடத் தொடவில்லை.

உச்சங்களை இறங்குவரிசையில் அடுக்கி, ஆண்டுகளின் எண்ணிக்கையுடன் ஒன்றைக் கூட்டி, அதைத் தர எண்ணால் (மிகப் பெரியதற்கு 1) வகுக்கும் வெய்புல் முறையில் பார்த்தால், அந்தப் பெருவெள்ளம் 43 ஆண்டுக்கு ஒரு முறை வரக்கூடியது. ஆண்டு உச்சங்களுக்குப் பயன்படும் கம்பெல் என்ற நிகழ்தகவுப் பரவலைப் பொருத்தினால் அதுவே ஏறத்தாழ 355 ஆண்டுக்கு ஒரு முறை என்றாகிறது; 100 ஆண்டு வெள்ளமோ (எந்த ஓர் ஆண்டிலும் வர 1 விழுக்காடு வாய்ப்புள்ளது) 1,790 கன மீட்டர்தான். அந்த ஒற்றை மதிப்பை விலக்கிவிட்டுக் கணக்கிடுவது முறையாகுமா?

மறுமொழி 1

பெரியது என்பதற்காக மட்டும் விலக்காதீர்கள். நீங்கள் தேடும் வெள்ளத்தைப் பற்றி நேரடியாகச் சாட்சி சொல்லும் பதிவு அது ஒன்றுதான்.

43 என்ற எண் அந்த வெள்ளத்தின் அளவைப் பார்த்து வந்ததன்று. அது 1,500 ஆக இருந்தாலும் 3,000 ஆக இருந்தாலும் முதல் தரத்துக்கு 43 என்றே வரும். 355 என்பதை உண்மையென்று வைத்துக்கொண்டாலும், அத்தகைய வெள்ளம் 42 ஆண்டுக்குள் ஒரு முறையாவது வருவதற்கான நிகழ்தகவு ஏறத்தாழ 11 விழுக்காடு. ஒன்றையொன்று சாராத ஒன்பது ஆறுகளில் இதே நீளப் பதிவைப் பார்த்தால் ஒன்றில் இப்படி இருப்பது இயல்பே.

இதைவிட முக்கியமானது, 1,790 என்ற விடைக்கு உள்ள பிழை வரம்பு. கம்பெல் பரவலில் உங்கள் தரவுக்கு, மதிப்பீடு எவ்வளவு தடுமாறும் என்பதைக் காட்டும் திட்டப் பிழை சுமார் 190 வருகிறது. எனவே 95 விழுக்காடு நம்பிக்கை வரம்பு ஏறக்குறைய 1,420 முதல் 2,160 வரை நீள்கிறது, உங்கள் 2,100 அதற்குள்ளேயே அடங்குகிறது. பாலத்தின் ஆயுள் 50 ஆண்டு என்றால், 100 ஆண்டு வெள்ளம் அதற்குள் ஒரு முறையாவது வரும் வாய்ப்பு 39 விழுக்காட்டுக்கு மேல் என்பதையும் உங்களிடம் மதிப்பீடு கேட்டவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

மறுமொழி 2

பரவலைப் பற்றிப் பேசுவதற்கு முன், அந்த 2,100 எப்படிக் கிடைத்தது என்று மூலப் பதிவேட்டைப் பாருங்கள். பெரும்பாலான நிலையங்களில் அன்றாடம் அளக்கப்படுவது நீர்மட்டம்தான். மட்டத்தையும் ஓட்டத்தையும் இணைக்கும் வளைவைக் கொண்டே ஓட்டம் கணிக்கப்படுகிறது. வெள்ளம் கரைபுரளும்போது, நீரின் வேகத்தை அளக்கும் ஓட்டமானியை ஆற்றில் இறக்க முடியாது என்பதால், வளைவின் மேல்பகுதி வெறும் நீட்டிப்பாகவே இருக்கும். நாளுக்கு ஒரே முறை மட்டம் குறித்த காலமாக இருந்தால், இரவில் வந்து வடிந்த உச்சம் பதிவில் விழாமலே போயிருக்கும். இடையில் மேலே அணை கட்டப்பட்டிருந்தால் 42 ஆண்டும் ஒரே தொகுதியாகாது.

கேள்வி கேட்டவர்

பதிவேட்டைப் பார்த்தேன், நன்றி. மேலே அணை ஏதும் இல்லை. ஓட்டமானியால் நேரடியாக அளந்ததில் மிகப் பெரியது 900 கன மீட்டர். பெருவெள்ளத்தின்போது அளவுகோலே மூழ்கியிருக்கிறது. மட்டத்தைச் சுவரில் இருந்த சேற்றுக் கோட்டிலிருந்து பின்னர் எடுத்ததாகக் குறிப்பு இருக்கிறது.

மறுமொழி 3

அந்தச் சேற்றுக் கோட்டை வைத்தே மேலே செல்லலாம். ஆற்றின் ஒரு நீளத்துக்குக் குறுக்குவெட்டுகளையும், வெள்ளக் கோடுகளின் சரிவையும் அளந்து இவற்றோடு ஆற்றுப்படுகையின் சொரசொரப்பையும் கொண்டு ஓட்டத்தைத் தரும் மேனிங் சமன்பாட்டால் அதைத் தனியே கணித்து, 2,100 உடன் ஒப்பிடுங்கள். பிறகு, நிலையம் அமைவதற்கு முந்தைய வெள்ளக் குறிகளைத் தேடுங்கள். ஜெர்மனியில் டான்யூப் ஆற்றின் கரையிலுள்ள பாசாவ் நகர மன்றச் சுவரில் பழைய வெள்ளங்களின் மட்டம் பொறிக்கப்பட்டிருக்கிறது. 2013 ஜூனில் அங்கு எட்டிய 12.89 மீட்டர், 1501-க்குப் பிறகு மிக உயர்ந்தது என்று அறிய முடிந்தது அத்தகைய சான்றுகளால்தான்.

உங்கள் ஆற்றிலும், கடந்த 120 ஆண்டில் வேறெந்த வெள்ளமும் அந்தச் சேற்றுக் கோட்டைத் தாண்டவில்லை என்று ஆவணங்களோ கட்டடங்களோ உறுதியாகக் காட்டினால், முதல் தரத்தை 42 ஆண்டுக்கு எதிராக அல்லாமல் 120 ஆண்டுக்கு எதிராக வைக்கலாம். 43 உடனே 121 ஆகிவிடும். அதுவரை 1,790 என்ற ஒற்றை எண்ணை மட்டும் அறிக்கையில் எழுதாமல், வரம்பையும் சேர்த்தே எழுதுங்கள்.