சிரிப்பும் வரவில்லை, பயமும் வரவில்லை: செலவு குறைந்ததுதான் காரணமா?

கேள்வி: கொட்டகலை ஆசிரியை

வணக்கம். நான் பாடசாலையொன்றில் நாடகமும் அரங்கியலும் கற்பிக்கிறேன். எங்கள் உயர்தர வகுப்பு மாணவர்கள், பேய்க்கதையும் நகைச்சுவையும் கலந்த குறும்படம் ஒன்றைத் தவணை விடுமுறையில் எடுக்கவிருக்கிறார்கள். ஒரு கைத்தொலைபேசியும் இரவல் வாங்கிய ஒலிவாங்கியும்தான் அவர்களிடம் உள்ளவை. தங்களைப் போலவே கையில் பணமில்லாதவர்கள் எப்படிப் படமெடுத்தார்கள் என்று அறிந்துகொள்ளட்டும் என எண்ணி, தமிழ்நாட்டுப் புதியவர்கள் சிலர் மிகக் குறைந்த செலவில் எடுத்து இணையத்தில் வெளியிட்ட நகைச்சுவைப் பேய்ப்படம் ஒன்றைப் பார்க்கச் சொன்னேன், நானும் பார்த்தேன். படத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. முதல் முயற்சியில் இறங்கிய இளைஞர்களைப் பெயர் சொல்லிக் குறைகூற எனக்கு விருப்பமில்லை. பார்த்தவர்களுக்குக் கதையைச் சொன்னாலே தெரிந்துவிடும்.

நண்பர்கள் நால்வர், தேயிலைத் தோட்டமொன்றில் பாழடைந்து கிடக்கும் துரை பங்களாவை மலிவாக வாங்கி விடுதியாக மாற்ற வருகிறார்கள். அங்கே ஒரு பெண்ணின் ஆவி இருக்கிறது. தொடக்கத்தில் வருகிற ஒரு காட்சி உண்மையிலேயே நன்றாக அமைந்திருந்தது. நால்வரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, சமையற்காரர் ஐந்து கோப்பைகளில் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போகிறார். இவர்கள் கணக்குப் பார்த்து வீண்வாதம் செய்துகொண்டே குடித்து முடிக்கிறார்கள். பிறகு ஒருவன் கோப்பைகளை அடுக்கும்போது ஐந்தாவது கோப்பையும் காலியாக இருக்கிறது. எனக்குக் கை சில்லிட்டுப் போனது. ஆனால் அடுத்த நொடியே வேடிக்கை ஒலி ஒன்று எழுகிறது. நால்வரும் கண்களை உருட்டிக்கொண்டு அலறுகிறார்கள். ஒருவன் இன்னொருவன் இடுப்பில் ஏறிக்கொள்கிறான். அதற்குப் பின் படம் எழுந்திருக்கவேயில்லை.

பணம் இருந்திருந்தால் படம் நன்றாக வந்திருக்கும் என்பது மாணவர்களின் முடிவு. அதை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால் அந்தத் தேநீர்க் காட்சிக்கு ஐந்து கோப்பைகளைத் தவிர வேறெந்தச் செலவும் ஆகியிருக்காது. பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: படம் எங்கே தவறியது? என் பிள்ளைகளுக்கு நான் எதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்?

பதில்: ஹட்டன் வீடியோக்காரர்

டீச்சர், நானும் பார்த்தேன். கல்யாண வீடியோ எடுத்துப் பிழைப்பவன் என்பதால் என் கண் முதலில் செலவுக் கணக்கைத்தான் பார்த்தது. அவர்களிடம் பணம் அடியோடு இல்லை என்று சொல்ல முடியாது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ட்ரோன் கமராவில் தேயிலை மலையைச் சுற்றிக் காட்டுகிறார்கள். கிராபிக்ஸில் செய்த பேயொன்று புகைபோல வந்து வாயைப் பிளக்கிறது. இவை இரண்டுக்கும் கொடுத்த காசை ஒலிக்குக் கொடுத்திருந்தால் படம் வேறொன்றாக இருந்திருக்கும்.

வசனங்கள் அனைத்தையும் பின்னர் ஒரு சிறிய அறைக்குள் பேசிச் சேர்த்திருக்கிறார்கள். பலகைத் தளமும் உயர்ந்த கூரையும் உள்ள பழைய பங்களாவில் ஒருவர் பேசினால் அந்தக் குரலோடு இடத்தின் எதிரொலியும் சேர்ந்து வர வேண்டும். நடந்தால் பலகை கிறீச்சிட வேண்டும். இந்தப் படத்தில் குரல் மட்டும் தனியாக, காதுக்குப் பக்கத்தில் ஒலிக்கிறது. கால்கள் சத்தமின்றி நடக்கின்றன. அந்த இடத்தில் உண்மையில் ஆட்களே இல்லை என்பதைக் காது கண்டுபிடித்துவிட்ட பிறகு, அவர்களுக்கு என்ன ஆகுமோ என்று மனம் ஏன் பதற வேண்டும்?

குறைந்த செலவில் பயமுறுத்த முடியும் என்பதற்கு உங்கள் மாணவர்களிடம் காட்டக்கூடிய சான்றுகள் உண்டு. 1981 இல் வெளிவந்த ‘ஈவில் டெட்’ படத்தில், கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்று காட்டுக்குள் பாய்ந்து வருவதைக் காட்ட, இயக்குநர் சாம் ரைமி மரப்பலகையொன்றின் நடுவில் கமராவைப் பொருத்தி, இருமருங்கும் ஆட்களைப் பிடிக்கவைத்து ஓடவிட்டார். ‘பரநோர்மல் அக்டிவிட்டி’ படத்தை ஒரன் பெலி தம் சொந்த வீட்டிலேயே ஏறத்தாழ 15,000 டொலர் செலவில் எடுத்தார். படுக்கையறையில் அசையாமல் நிற்கும் கமரா, திறந்த கதவு, உறங்கும் இருவர், அவ்வளவுதான். கதவு எப்போது அசையும் என்று பார்ப்பவரே தேடத் தொடங்கிவிடுகிறார். தமிழில் 2012 இல் கார்த்திக் சுப்புராஜ் இயக்கிய ‘பீட்சா’விலும் நெடுநேரம் நாம் பார்ப்பது ஒரு வீடு, ஒரு மனிதன், அவன் கையிலுள்ள டோர்ச் வெளிச்சம் ஆகியவற்றைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மூடுபனியில் எடுத்த காட்சிகளில் விளக்கைக் கமராவுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தால் பனி வெள்ளைத் திரையாக எழுந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். விளக்கை ஆளுக்குப் பின்னால், கமராவின் கண்ணில் படாதவாறு ஒரு சவுக்கு மரத்தின் மறைவில் வைத்தால், பனி சுருள் சுருளாகத் தெரியும்; ஆள் கரிய உருவமாக நிற்பார். மற்ற ஊர்க்காரர்கள் காசு கொடுத்துப் புகை போடுகிறார்கள். நானுஓயாவிலும் அம்பேவலையிலும் அது மாலையானதும் தானாகவே வந்து இறங்குகிறது.

பதில்: மஸ்கெலியா வாசகர்

அண்ணன் சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனாலும் பணத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. பயத்துக்குச் செலவு குறைவு என்பது உண்மை. நகைச்சுவைக்கு நேரம் வேண்டும், நேரம் என்பது பணம்தான். ஒரு பதில் அரை நொடி பிந்தினால் சிரிப்பு போய்விடும். அந்த அரை நொடியைக் கண்டுபிடிக்கத் திரும்பத் திரும்ப ஒத்திகை பார்க்க வேண்டும், பலமுறை எடுக்க வேண்டும். வாடகைப் பங்களாவில் நாளை காலைக்குள் காலிசெய்ய வேண்டும் என்ற நெருக்கடியில் எடுப்பவர்களால் அது முடியாது; அதனால்தான் நடிகர்கள் கத்தியே ஒப்பேற்றுகிறார்கள். மாணவர்களுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. ஒத்திகைக்கு யாருக்கும் வாடகை கட்ட வேண்டியதில்லை. கமராவைத் தொடுவதற்கு முன் முழுக்கதையையும் வகுப்பறையில் நடித்துப் பார்க்கட்டும்.

பதில்: தலவாக்கலைக் கூத்து ரசிகர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். ஒலி, ஒளி, நேரம் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் பேசவிரும்புவது அந்த ஐந்தாவது கோப்பையைப் பற்றி. அந்தக் காட்சியில் தவறு நேர்ந்தது எங்கே என்றால், பாத்திரங்கள் பயப்படுவதற்கு முன்னரே படம் சிரிக்கத் தொடங்கிவிட்டது.

நம் தோட்டங்களில் மாசி மாதம் ஆடப்படும் காமன் கூத்தை உங்கள் மாணவர்கள் பார்த்திருப்பார்கள். ஒரே களத்தில், ஒரே இரவில், சிரிப்பும் அச்சமும் அடுத்தடுத்து வருகிற வடிவம் அது. குறவனும் குறத்தியும் வந்து ஆடும்போது கிழவிகள்கூட வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். பிறகு தப்புப் பறையின் அடி மாறுகிறது. எமன் வருகிறான் என்று யாரும் அறிவிப்பதில்லை. அடியைக் கேட்ட உடனே குழந்தைகள் தாயின் சேலைக்குள் போய்விடுகின்றன. சற்று முன்பு சிரித்த அதே கூட்டம் பின்வாங்கி வழிவிடுகிறது. முகத்தில் சாயமும் கையில் கயிறுமாக வருபவர் நம் லயத்திலேயே, அதாவது தோட்டத்துத் தொடர்வீட்டிலேயே குடியிருப்பவர், காலையில் வேலைக்கு ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டுக்கு நம்மோடு வந்து நின்றவர் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அஞ்சுகிறோம். காரணம், காப்புக் கட்டி விரதமிருந்து ஆடுகிற அவர் தன் வேடத்தை ஒருபோதும் கேலிக்கு உள்ளாக்குவதில்லை. எமன் ஆடும்போது மற்ற வேடக்காரர்களும் எமனைப் பார்த்துச் சிரிப்பதில்லை.

நான் பார்த்த அளவில், நல்ல நகைச்சுவைப் பேய்ப்படங்கள் எல்லாம் இதைத்தான் செய்கின்றன. 2005 இல் வந்த ‘சந்திரமுகி’யில் அந்த இருண்ட அறைக்குப் போகும் வடிவேலுவை நினைத்துப் பாருங்கள். அவர் நம்மைச் சிரிக்கவைக்க வேண்டுமென்று நடிப்பதாகத் தெரியாது. உயிர் பிழைத்து வெளியே போனால் போதும் என்றுதான் தவிக்கிறார். அவருடைய பயம் எவ்வளவுக்கு மெய்யாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நமக்குச் சிரிப்பு வருகிறது. 2007 இல் ‘முனி’, 2011 இல் ‘காஞ்சனா’ என்று ராகவா லோரன்ஸ் எடுத்த படங்களிலும், இருட்டினால் தாயைவிட்டு அகலாத ஒரு மனிதனின் மெய்யான பயமே நகைச்சுவைக்கு வேராக இருக்கிறது.

நீங்கள் சொல்லும் படத்தில் நால்வரும் பேயைக் கண்டு அலறுகிறார்கள். அடுத்த காட்சியில் அதே அறையில் கட்டிலில் படுத்துக்கொண்டு வேலைக்காரரின் உடற்பருமனைக் கேலிசெய்கிறார்கள். நேற்றிரவு செத்துப்போன ஒருத்தியைக் கண்டவர்கள் மறுநாள் அப்படி இருப்பார்களா? பாத்திரங்களே மறந்துவிட்ட பயத்தை நாம் எப்படிச் சுமந்துகொண்டிருப்பது? தேநீர்க் காட்சியை நான் எடுப்பதாக இருந்தால் அந்த வேடிக்கை ஒலியை நீக்கிவிடுவேன். காலிக் கோப்பையைப் பார்த்தவன் எதுவும் சொல்லாமல் அதை மெல்ல மேசையில் வைத்துவிட்டு, மற்றவர்களிடம் “யார் ரெண்டு குடிச்சது?” என்று கேட்கட்டும். ஒவ்வொருவரும் அவசரமாக “நான்தான், நான்தான்” என்று ஒப்புக்கொள்ளட்டும். யாருக்கும் உண்மை தெரிய வேண்டாம் என்ற அந்தத் தவிப்பில் சிரிப்பு தானாக வரும், பயமும் போகாது.

பதில்: பதுளை வாசகி

எனக்கு வந்த ஏமாற்றம் வேறு. ஒரு மணிநேரத்துக்கு மேலாக அந்தப் பெண்ணின் ஆவியை வைத்து வேடிக்கை காட்டிவிட்டு, இறுதியில் அவள் யார் என்று சொல்கிறார்கள்: கொழுந்து பறித்த பெண், பங்களாவில் வேலைக்கு அழைக்கப்பட்டவள், அங்கேயே கொல்லப்பட்டவள். அதுவரை அவளைப் பார்த்துச் சிரிக்கச் சொன்னவர்கள் திடீரென்று வயலின் வாசித்து அழச் சொல்கிறார்கள். ‘காஞ்சனா’வுக்குப் பிறகு, பேய்க்கு ஒரு துயரக்கதை வைத்தே ஆக வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. அந்த வழக்கத்துக்காக எங்கள் பாட்டிமாரின் கதையை எடுத்துக்கொண்டவர்கள், அவளுக்கு ஒரு பெயர்கூட வைக்கவில்லை. தோட்டத்து மக்கள் படத்தில் வருவது கூடையோடு ஓடுவதற்கும் அலறுவதற்கும் மட்டும்தான்.

பங்களாவின் பின்புறமுள்ள முனிக்கல்லை ஒருவன் காலால் எத்திவிட்டு ஓடுகிற காட்சியில் எங்கள் வீட்டில் எவரும் சிரிக்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலைக்குக் காவலாக ரோதமுனியை வணங்குகிறவர்கள் நாங்கள். சாமியை வைத்து நகைச்சுவையே கூடாது என்று சொல்லவில்லை. எத்தியவனுக்கு இரவு முழுவதும் தூக்கம் வராமல், விடிந்ததும் யாருக்கும் தெரியாமல் போய் அந்தக் கல்லைக் கழுவிவிட்டு வந்திருந்தால், நானே சிரித்திருப்பேன்.

மறுமொழி: கொட்டகலை ஆசிரியை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. எல்லாப் பதில்களையும் வகுப்பில் வாசித்தோம். பேயை யார் செய்வது, கிராபிக்ஸ் எங்கே கிடைக்கும் என்று பேசிக்கொண்டிருந்த பிள்ளைகள், இப்போது யார் எதற்குப் பயப்படுகிறார் என்று எழுதத் தொடங்கியிருக்கிறார்கள். பங்களாவைக் கைவிட்டுவிட்டு லயத்துக்கே வந்துவிட்டார்கள். பழைய லயங்களில் காம்பராக்களுக்கு (குடும்பங்கள் வசிக்கும் அறைகளுக்கு) இடையிலுள்ள சுவர் கூரைவரை எழும்பாது அல்லவா? பூட்டிக் கிடக்கும் பக்கத்துக் காம்பராவிலிருந்து இரவில் யாரோ இருமும் சத்தம் கேட்கிறது. ஒரு பக்கத்துக் குடும்பம் அதைத் தாத்தாவின் இருமல் என்று நினைத்துக்கொள்கிறது. தாத்தாவோ மருமகனுடையது என்று நினைத்துக்கொண்டு அவருக்காகக் கசாயம் காய்ச்சுகிறார். பேய் எந்த இடத்திலும் தோன்றாது. இருமுகிறவருக்கு ஒரு பெயரும் வயதும் தொழிலும் எழுதி வைத்திருக்கிறார்கள்; படத்தில் அவை வரப்போவதில்லை என்றாலும், எழுதியாக வேண்டும் என்று ஒரு மாணவி பிடிவாதமாக நின்றாள்.

ஹட்டன் அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி. கதை மழையிரவில் நடக்கிறது. தகரக் கூரையில் மழை பெய்தால் வசனம் எதுவும் கேட்காதே, என்ன செய்வது?

பதில்: ஹட்டன் வீடியோக்காரர்

மழை இல்லாத இரவில் எடுங்கள், டீச்சர். யன்னலுக்கு வெளியே ஒருவர் பூவாளியால் தண்ணீர் ஊற்றினால், கண்ணாடியில் வழிவது மழையாகத் தெரியும். ஒலிவாங்கியைப் பேசுபவரின் நெஞ்சுக்கு அருகில், படச்சட்டத்துக்கு வெளியே பிடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு காட்சியும் முடிந்ததும் அனைவரும் அசையாமல் நின்று, அந்தக் காம்பராவின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிவுசெய்துகொள்ளுங்கள். வசனங்களுக்கு இடையில் வெட்டும்போது அது இல்லாமல் முடியாது. மழையைப் பிறகு பெய்கிற நாளில் தனியாகப் பதிவுசெய்யலாம்: ஒருமுறை கூரைக்குக் கீழே, ஒருமுறை இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்), ஒருமுறை கதவைச் சாத்திவிட்டு. தொகுக்கும்போது பேச்சு வரும் இடங்களில் மழையைத் தாழ்த்துங்கள். இருமல் வருவதற்குச் சற்று முன்பு மட்டும் மழையை முற்றாக நிறுத்திப் பாருங்கள்.