காற்றோட போகும்போது மூக்கு முங்குது – 14 அடி போர்டு வாங்கினா சரியாகுமா?

கேள்வி (சென்னை)

வணக்கம். ஏழெட்டு மாசமா கோவளம் பக்கம் ஸ்டாண்ட்-அப் பேடில் (போர்டு மேல நின்னுக்கிட்டே துடுப்புப் போடறது) போட்டுக்கிட்டு இருக்கேன். எடை 78 கிலோ. போர்டு 12½ அடி, 30 இன்ச் அகலம், காத்து அடைக்கிற இன்ஃப்ளேட்டபிள். முட்டுக்காடு காயல்ல ஒரு மணி நேரம் போனாலும் ஒரு தொந்தரவும் இல்ல.

பிரச்சனை கடல்லதான். போன மாசம் மத்தியானம் தெக்குக் காத்து நல்லா பிடிச்சதும், பட்டிப்புலத்துல இறங்கி கோவளத்துல கரையேறலாம்னு மூணு தடவை போனோம். ஏறக்குறைய 12 கி.மீ. பின்னாலேர்ந்து அலை வந்து வாலைத் தூக்குது, போர்டு வழுக்க ஆரம்பிக்குது, அடுத்த நொடி மூக்கு முன்னால இருக்கற அலையோட முதுகுல குத்தி அப்படியே நின்னுடுது. நான் முன்னால விழறேன். பத்து அலைல ஒண்ணுதான் முழுசா ஓடுது.

கடைல 14 அடி, 24 இன்ச் ரேஸ் போர்டு காட்டறாங்க. தெரிஞ்சவர் ஒருத்தர் 14 அடி, 28 இன்ச் பழைய போர்டு விக்கறார். 17 அடி போர்டெல்லாம் இருக்குன்னு கேள்விப்பட்டேன். எதுக்குப் போகலாம்? கடன் வாங்கித்தான் வாங்கணும், அதனால ஒரே தடவைல சரியா முடிவெடுக்கணும்.

பதில் (பெர்த்)

வாங்கறதுக்கு முன்னால மூணு விஷயம் சொல்லுங்க. எத்தனை பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) அடிக்கறீங்க? அலை தூக்கும்போது கால் எங்க இருக்கு? மூக்கு மேல் நோக்கி வளைஞ்சிருக்கா, தட்டையா இருக்கா?

கேள்வி கேட்டவர்

12 பிஎஸ்ஐ. அதுக்கு மேல கைப்பம்புல தம் கட்ட முடியல. போர்டுல 18 வரைக்கும்னு அச்சடிச்சிருக்கு. கால் எப்பவும் நடுக் கைப்பிடிக்கு ரெண்டு பக்கமும்தான், நகர்த்தினதே இல்ல. மூக்கு லேசா வளைஞ்சிருக்கு.

பதில் (பெர்த்)

அப்போ உங்க சிக்கல்ல பாதி நீளத்தால வந்தது இல்ல. 12 பிஎஸ்ஐல போர்டு நடுவுல தொய்யும். நீங்க நிக்கற இடம் பள்ளமாகி, நீங்க போடற துடுப்பு பலம் அந்தத் தொய்வுலயே போயிடும். ரெண்டாவது, வால் தூக்கும்போதும் நடுவுலயே நின்னா மூக்கு குத்தத்தான் செய்யும். வால் எழும்புறது பாதத்துல தெரிஞ்சதும் ஒரு கால் பின்னால போகணும், அலை ஓடத் தொடங்கினதும் இன்னொரு அடி. அலை உங்களை விட்டுப் போகும்போது திரும்ப முன்னால வரணும். இங்க ஆஸ்திரேலியாவுல கோடைல மத்தியானம் தென்மேற்குக் காத்து வரும், ஃப்ரீமேன்டில் டாக்டர்னு பேரு. அதுல ஒரு மணி நேரம் ஓடினா நூறு தடவைக்கு மேல முன்னும் பின்னும் நடப்பேன். மறுநாள் தோளை விட ஆடுசதைதான் வலிக்கும்.

இப்போ நீளம். 15 நாட் (மணிக்கு ஏறக்குறைய 28 கி.மீ.) காத்துல உங்க கரையோரம் எழும்பற அலைக்கு மூணு நாலு செகண்ட் இடைவெளி இருக்கும்னு வெச்சுக்கோங்க. மூணு செகண்ட் அலை ஆழமான தண்ணில மணிக்கு 17 கி.மீ. ஓடும், முகட்டுக்கு முகடு 14 மீட்டர். நாலு செகண்ட்னா 22 கி.மீ., 25 மீட்டர். நீங்க துடுப்புப் போட்டு 8 கி.மீ. போறீங்க. அந்த வித்தியாசத்தை அலையோட சரிவு தள்ளி நிரப்பணும். 14 அடி போர்டு ரெண்டு துடுப்புக்கு நடுவுல வேகத்தை இழக்காம வழுக்கும், அதனால சின்ன சரிவே போதும். 12½ அடிக்குக் கொஞ்சம் செங்குத்தா வந்தாத்தான் பிடிக்கும். நீளத்தால கிடைக்கற உண்மையான லாபம் இதுதான்.

கடைக்காரர் காட்டற 24 இன்ச் போர்டை வாங்காதீங்க. அது ஏரிக்கும் ஆத்துக்கும் செஞ்சது. மூக்கு தண்ணியக் கிழிக்கற மாதிரி நேரா இறங்கியிருக்கும், ராக்கர் (மூக்கும் வாலும் மேல் நோக்கி வளையறது) இருக்காது. 14 மீட்டருக்கு ஒரு பள்ளம்ங்கற கடல்ல அந்த மூக்கு ஒவ்வொரு பள்ளத்துலயும் புதையும். அந்த 28 இன்ச் போர்டைத் தரையில வெச்சுப் பக்கவாட்டுல உக்காந்து பாருங்க. மூக்கு தரையை விட்டு நல்லா உயர்ந்திருந்தா, வால் பக்கம் கால் வைக்க இடம் இருந்தா, 300 லிட்டர் சுத்தி கொள்ளளவு இருந்தா உங்க எடைக்கு அது சரியான போர்டு.

17 அடி இப்போதைக்கு வேண்டாம். ஹவாயில மொலொகாய்லேர்ந்து ஓஆஹூவுக்கு 32 மைல் கடக்கறவங்க, மாவித் தீவுல மாலிகோங்கற காத்தோட போற கடல் ஓட்டத்துல போறவங்க அதை எடுப்பாங்க. வால்ல சுக்கான் இருக்கும், காலால திருப்பணும். ஆழ்கடலோட பெரிய, நீளமான அலைல அது ரயில் மாதிரி ஓடும். உங்க கரையோட குட்டை அலைக்கு அது நீளம் அதிகம், கரையேறும்போது உடைஞ்சாலும் உடையும்.

பதில் (கோவளம்)

அண்ணா, பெர்த் அண்ணன் சொன்னது எல்லாம் சரி. நான் இங்கதான் சர்ஃப் கத்துக் குடுக்கறேன், அப்பா கட்டுமரம் போனவரு. ஒண்ணு மட்டும் சேர்த்துக்கங்க. நீங்க பின்னால வர்ற அலைய திரும்பித் திரும்பிப் பாக்கறீங்கன்னு நெனைக்கறேன். பாக்காதீங்க. முன்னால பாருங்க. உங்களுக்கு முன்னால தண்ணி குழி விழுந்தா, பின்னால அலை தூக்கப் போகுதுன்னு அர்த்தம். அந்தக் குழிக்குள்ள மூக்கைக் குடுத்து நாலு துடுப்பு வேகமாப் போடுங்க. அலை ஓட ஆரம்பிச்சதும் நேரா கீழ விடாம கொஞ்சம் சாய்ச்சு எடுங்க, முன்னலைல குத்தாது. அப்பா கட்டுமரத்துல துடுப்பு போடும்போதும் இப்படித்தான், குழியத் தேடித்தான் போவாரு.

அப்புறம் நீரோட்டம், நாங்க வெள்ளம்னு சொல்லுவோம். தெண்டி வெள்ளம் (தெற்கேயிருந்து வடக்கே போறது) இருக்கற நாள்ல எறங்குங்க. வெள்ளம் காத்துக்கு எதிரா இருந்தா அலை குத்திக் குத்தி நிக்கும், எவ்ளோ நீள போர்டு வெச்சாலும் ஓடாது. எறங்கறதுக்கு முன்ன கரைல இருக்கறவங்கள ஒரு வார்த்தை கேளுங்க, சொல்லுவாங்க.

லீஷ் (போர்டை உடம்போட கட்டற கயிறு) இல்லாம ஒருக்காலும் போவாதீங்க. அந்தக் காத்துல போர்டு கையை விட்டுச்சுன்னா நீந்திப் பிடிக்க முடியாது. லைஃப் ஜாக்கெட்டும், தண்ணி புகாத பையில போனும் உடம்போட இருக்கட்டும். தனியாப் போவாதீங்க.

கேள்வி கேட்டவர் (11 நாள் கழிச்சு)

ரெண்டு பேருக்கும் நன்றி. நண்பர்கிட்ட கார்ல சொருகற மின்பம்பு வாங்கி 17 பிஎஸ்ஐ அடிச்சேன். போர்டைத் தட்டினா மரப்பலகை மாதிரி சத்தம். சனிக்கிழமை தெண்டி இருக்குன்னு கரைல சொன்னாங்க, அதே பட்டிப்புலத்துல இறங்கினோம். முதல் அரை மணி நேரம் பின்னால கால் வைக்கும்போதெல்லாம் விழுந்தேன். அப்புறம் உள்ளங்கால்ல வால் எழும்பறது தெரிய ஆரம்பிச்சுது. திருவிடந்தை தாண்டும்போது தொடர்ந்து மூணு அலை, ஒண்ணுலேர்ந்து ஒண்ணுக்கு மாறினேன். மூக்கு முங்கல. மூணாவதுல துடுப்பையே போடல, சும்மா பிடிச்சுக்கிட்டு நின்னேன். தண்ணி போர்டுக்கு அடியில சீறற சத்தம் இன்னும் காதுல இருக்கு.

ஆனா சின்ன அலைங்க இப்பவும் என்னைத் தாண்டிப் போயிடுது. நேத்து அந்த 28 இன்ச் போர்டைப் போய்ப் பார்த்தேன். தரையில வெச்சா மூக்கு ஒரு சாண் உயர்ந்திருக்கு, வால்ல ரப்பர் பாய் கடைசி வரைக்கும் இருக்கு. வலது ஓரத்துல கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு ஒட்டு. அழுத்தினா அமுங்கல. வாங்கலாமா?

பதில் (பெர்த்)

ஒட்டைச் சுத்தி ஒரு நாணயத்தால மெதுவாத் தட்டிக்கிட்டே போங்க. ஒரே சத்தமா வந்தா வாங்குங்க. நடுவுல மந்தமாக் கேட்டா உள்ள தண்ணி இறங்கியிருக்கும், விட்டுடுங்க.

கேள்வி கேட்டவர்

தட்டிப் பார்த்தேன், ஒரே சத்தம். முன்பணம் குடுத்துட்டேன். குட்டியானைல ஏத்திட்டு வரேன்.

பதில் (கோவளம்)

மூக்கு வெளிய நீட்டும், சிவப்புத் துணி கட்டுங்க அண்ணா. பழைய வேட்டி ரெண்டு கீழ விரிச்சுக் கட்டுங்க, ஓரம் அடிபடாது. ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு நானும் வரேன்.