மூன்று ரியூப் முடிந்த பிறகுதான் தோல் கிளினிக்

வாவிக்கரை, கல்லடி:

தோல் வருத்தத்துக்கு வைத்தியரிடம் போன அனுபவம் உள்ளவர்கள் இங்கே எழுதுங்கள். மற்றவர்களின் கூச்சம் போகட்டும் என்று என் கதையை முதலில் வைக்கிறேன்.

போன கச்சான் காற்றுக் காலத்தில் தொடங்கியது. பெல்ட் கட்டும் இடத்தில் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் சிவந்த வட்டம். நடு தெளிந்திருந்தது, ஓரம் மட்டும் தடித்திருந்தது. இரவானால் உயிரை வாங்கும் கடி, அதாவது அரிப்பு. படர்தாமரை என்று அம்மா பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார். அப்படியிருந்தும் பாமசியில் போய் நின்று, "கடிக்கு ஏதாவது தாருங்கள்" என்றுதான் கேட்டேன். இடுப்புக்குக் கீழே என்றால் நோயின் பெயரைச் சொல்ல நாக்கு எழாது. கடையில் நின்ற பையனும் எந்த இடம், எத்தனை நாள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒரு கிறீம் தந்தான்.

மூன்றாம் நாள் கடி போய்விட்டது. அந்தப் பையனுக்குப் பட்டம் கொடுக்கலாம் என்று நினைத்தேன். பூசுவதை நிறுத்தி ஒரு கிழமையில் வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் வந்தது. திரும்பவும் அதே கிறீம். இப்படியே மூன்று ரியூப். அதற்குள் அது தொடைக்கு இறங்கியிருந்தது. மனைவிக்கு வயிற்றில், ஒரே துவாயால் துடைத்த மகனுக்குக் கழுத்தில்.

கிளினிக்கில் வைத்தியர் முதலில் பூசிய மருந்தின் பெட்டியைக் கேட்டார். நல்ல வேளையாக மனைவி கைப்பையில் போட்டிருந்தாள். பூஞ்சைக்கு ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே குளோபெட்டசோல் என்ற வலுவான ஸ்டீரொய்ட் ஒன்று, எல்லாம் ஒரே குழாயில். ஸ்டீரொய்ட் சிவப்பையும் கடியையும் அடக்கிவிடும். ஆனால் தோலின் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்து அடக்குவதால், பூஞ்சை தடையில்லாமல் உள்ளே பரவும். "நீங்கள் அதற்குப் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறீர்கள்" என்றார்.

பிறகு மழுங்கிய கத்தியால் வட்டத்தின் ஓரத்தைச் சுரண்டினார்கள். பூஞ்சை உயிரோடு இருப்பது ஓரத்தில்தானாம். நடுவே அது தின்றுவிட்டுப் போன இடம். சுரண்டிய தூளில் பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் ஒரு துளி விட்டு நுணுக்குக்காட்டியில் வைத்தால் நூல் நூலாகத் தெரியும். எனக்கும் காட்டினார்கள். என் இடுப்பில் இப்படியொரு தோட்டம் விளைந்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

கலவைக் கிறீமுக்கு முழுத் தடை. டெர்பினஃபின் குளிசை தினம் 250 மில்லிகிராம், நான்கு கிழமை. தனிப் பூஞ்சைக் கிறீமை வட்டத்துக்கு வெளியே இரண்டு விரல் அகலம் வரை பூச வேண்டும், மறைந்த பின்னும் இரண்டு கிழமை விடக்கூடாது. ஸ்டீரொய்ட்டை நிறுத்தினால் முதலில் கடி கூடும் என்று முன்பே எச்சரித்தார். கூடியது. அந்த முதல் கிழமையில் இரண்டு தடவை பாமசி வாசல் வரை போய்த் திரும்பினேன். மனைவிக்கும் மகனுக்கும் அதே நாளில் வைத்தியம் தொடங்கியது. ஆளுக்கொரு துவாய், உள்ளாடையை வெயிலில் நன்றாகக் காயவைத்தே உடுத்துவது என்ற ஒழுங்கும் வந்தது.

பூஞ்சை போய்விட்டது. தொடை இடுக்கில் ஸ்டீரொய்ட் கிழித்த வரிகள் போகவில்லை. அவை போகா என்கிறார் வைத்தியர்.

வட்டைக்காரன், சம்மாந்துறை:

நான் வேளாண்மை செய்பவன். சென்ற பெரும்போக அறுவடைக்குக் காவல் இருக்க வாடியில் படுத்தேன். தலைமாட்டில் மின்குமிழ். கழுத்தில் ஏதோ ஊர்ந்தது, தூக்கத்தில் தட்டித் தேய்த்துவிட்டேன். அடுத்த நாள் ஒன்றுமில்லை. அதற்கு மறுநாள் கழுத்திலிருந்து தோள்வரை, சூட்டுக்கோலால் இழுத்ததுபோல் ஒரு கோடு. சிவந்து, சிறு கொப்புளம் போட்டு, ஒரே எரிச்சல்.

வீட்டில் அக்கி என்றார்கள். எங்கள் மாமி பச்சிலை அரைக்கவே உட்கார்ந்துவிட்டார். அரைத்ததைப் பூசுவதற்குள் மகள் என்னை இழுத்துக்கொண்டு போனதால் தப்பினேன்.

டொக்டர் என் முழங்கை மடிப்பை விரித்துப் பார்த்தார். மேலே ஒரு புண், அதற்கு நேர் கீழே அதே அச்சில் இன்னொன்று. நான் கவனிக்கவேயில்லை. மடித்த கையில் ஒரு பக்கத்தின் நஞ்சு மறுபக்கத்தில் ஒற்றிக்கொள்ளுமாம். "அக்கி நரம்பின் வழியே போகும். இது உங்கள் கை போன வழியே போயிருக்கிறது" என்றார். வெட்டுக்காலத்தில் விளக்குக்கு வரும் ஒரு பூச்சியின் வேலை. பேடரஸ் என்று பெயர். பெரிய எறும்பளவு, செம்மஞ்சள் உடம்பு, தலையும் வால் நுனியும் கறுப்பு, நடுவில் நீலக் கறுப்பாய் மினுங்கும் பட்டி. அது கடிப்பதுமில்லை, குத்துவதுமில்லை. நசுக்கினால் அதன் இரத்தத்திலுள்ள நஞ்சு தோலை எரிக்கும். பட்டவுடன் சவர்க்காரம் போட்டுக் கழுவியிருந்தால் இவ்வளவு வந்திராது. தம்பி, உங்களுக்குப் பகையான ஸ்டீரொய்ட் கிறீம்தான் எனக்கு மருந்தாகத் தந்தார்கள், ஐந்து நாளைக்கு மட்டும்! இரண்டு கிழமையில் ஆறியது, கறுப்புத் தழும்பு மாசக் கணக்கில் நின்றது.

இதில் எனக்கு வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூச்சி பயிரைத் தின்னும் தத்தியைப் பிடித்துத் தின்பது. எங்களுக்குக் கூலி கேட்காத காவல்காரன். இப்போது மேலில் ஊர்ந்தால் ஊதித் தள்ளுகிறேன்.

ஒரு தாய், களுவாஞ்சிகுடி:

மகளுக்கு முதுகிலும் மார்பிலும் தேமல். கல்யாணத்துக்கு இரண்டு மாதம் இருந்தது. செலீனியம் சல்பைட் ஷாம்புவைத் தேய்த்துப் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவச் சொன்னார்கள். சொறிந்தால் உதிரும் மாப் பொடி ஒரு கிழமையில் நின்றது. ஆனால் வெளிறிய நிறம் அப்படியே கிடந்தது. மருந்து வேலை செய்யவில்லை என்று சண்டைக்கே போனேன். "கிருமி செத்துவிட்டது அம்மா, நிறம் திரும்ப மாதங்கள் எடுக்கும்" என்றார் வைத்தியர். கல்யாணத்துக்குக் கழுத்து மூடிய சட்டைதான் தைத்தோம்.

ராத்தா, காத்தான்குடி:

எங்கள் வீட்டில் ஒன்பது பேர். விடுதியில் படிக்கும் மகன் விடுமுறைக்கு வந்து ஒரு மாதத்தில் எல்லோரும் இரவில் சொறிய ஆரம்பித்தோம். சிரங்கு. விரலிடுக்கு, மணிக்கட்டு, கமக்கட்டு, தொப்புளைச் சுற்றி. கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி தோலுக்குள் வளை தோண்டி முட்டை இடுகிறதாம்.

பெர்மெத்ரின் ஐந்து வீத கிறீம். கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தடி உட்பட, படுக்கும்முன் பூசி விடிந்து குளிப்பது. ஒரு கிழமையில் மறுபடி. ஒன்பது பேரும் ஒரே இரவில் பூசவேண்டும் என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னார். மூத்தம்மா மட்டும் "எனக்குக் கடியே இல்லை, என்னை ஏன் குளிரில் குளிப்பாட்டுகிறீர்கள்" என்று மறுத்துவிட்டார். முதல் தடவை தொற்றினால் கடி தெரியவே நாலைந்து கிழமை ஆகும் என்பதை அவருக்கு யார் சொல்லிப் புரியவைப்பது? மூன்றாம் கிழமை மூத்தம்மாவோடு படுக்கும் சின்னவளில் திரும்பத் தொடங்கியது. ஒன்பது பேருக்கும் முதலிலிருந்து. இந்த முறை மூத்தம்மாவுக்குத்தான் முதலில் பூசினோம்.

உண்ணி செத்த பிறகும் இரண்டு கிழமை கடித்தது. அதைக் கண்டு பயந்து மேலும் மேலும் பூசாதீர்கள். தோல் வறண்டு வேறு வருத்தம் வரும்.

பெயர் வேண்டாம், மட்டக்களப்பு:

தேமல் என்று எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். எனக்கும் கெண்டைக்காலில் ஒரு வெளிறிய படை. தேமல் என்று நானே முடிவெடுத்து ஒரு வருடம் ஷாம்பு தேய்த்தேன். அது பொடி உதிரவுமில்லை, கடிக்கவுமில்லை. கடிக்காததால் அலட்சியமாக இருந்தேன்.

ஒரு நாள் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கியபோது மனைவி கத்தினாள். சைலன்சர் பட்டுக் கால் வெந்திருக்கிறது. அந்தப் படை இருந்த இடமேதான். எனக்கு எதுவும் தெரியவில்லை.

கிளினிக்கில் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சின் நுனியால் அங்கங்கே தொட்டார்கள். தொட்ட இடத்தை விரலால் காட்ட வேண்டும். படை மேல் தொட்டதை நான் காட்டவேயில்லை. முழங்கையிலும் முழங்காலின் பின்னாலும் நரம்பு தடித்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள். சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். என் கண்ணுக்கு எட்டாத முதுகில் இன்னும் ஆறு இருந்தன.

தொழுநோய் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு மாந்தீவுதான் நினைவுக்கு வந்தது. வாவி நடுவே அந்தத் தீவையும் அதிலிருந்த தொழுநோய் வைத்தியசாலையையும் எங்கள் அம்மம்மா விரல் நீட்டிக்கூடக் காட்டமாட்டார். "என்னையும் படகில் ஏற்றுவீர்களா" என்று கேட்டேன். வைத்தியர் சிரிக்கவில்லை. வீட்டிலிருந்தே குளிசை எடுக்கலாம், மருந்து தொடங்கியதும் மற்றவருக்குத் தொற்றுவது வெகு விரைவில் நின்றுவிடும், பெரும்பாலான மனிதர்களுக்கு இதற்கு இயற்கையிலேயே எதிர்ப்பு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

படை ஐந்துக்கு மேல் என்பதால் பன்னிரண்டு மாதம். ரிஃபாம்பிசின், க்ளோஃபாசிமின், டாப்சோன் மூன்றும் ஒரே அட்டையில், இலவசமாக. மாதத்தின் முதல் மருந்தை விழுங்கிய நாளில் சிறுநீர் சிவந்தது. முன்பே சொல்லியிருந்தும் நடுங்கிவிட்டேன். போகப்போகத் தோல் கறுத்தது. அது க்ளோஃபாசிமின் வேலை. வேலையிடத்தில் "என்ன, வெயிலில் அலைச்சலா" என்றார்கள், ஆம் என்றேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் (பி.எச்.ஐ.) வீட்டுக்கு வந்து மனைவி பிள்ளைகளைப் பரிசோதித்தார். அவர் மோட்டார் சைக்கிளை அயல்வீட்டு வேலியில் நிறுத்திய நாகரிகத்தை மறக்கமாட்டேன். பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை.

மருந்து முடிந்து இரண்டு வருடம். கெண்டைக்காலில் இன்னும் சூடு தெரியாது. முன்பே போயிருந்தால் உணர்வு மிஞ்சியிருக்கும்.

வட்டைக்காரன், சம்மாந்துறை:

தம்பி, என் மருமகனுக்குத் தோளில் இப்படியொன்று கிடக்கிறது. அவனும் கடிக்கவில்லை என்றுதான் சொல்கிறான். வீட்டில் பஞ்சு வைத்துத் தொட்டுப் பார்க்கவா?

பெயர் வேண்டாம், மட்டக்களப்பு:

வேண்டாம் காக்கா. தொட்டது தெரிகிறது என்று அவர் சொன்னால் நீங்கள் ஆறுதலடைந்து விட்டுவிடுவீர்கள். தொடக்கத்தில் உணர்வு முழுதாகப் போயிராது. எதையும் பூசாமல் அப்படியே கூட்டிப் போங்கள். வெறும் தேமலாகவும் இருக்கலாம்.

வட்டைக்காரன், சம்மாந்துறை:

திங்கட்கிழமை கூட்டிப் போகிறேன். முதுகையும் பார்க்கச் சொல்கிறேன்.